அச்சத்தை நகையாக்கும் கலை: ஆங்கில மொழி மங்காவின் பேய்க்கதைகள் பற்றிய ஒரு நோக்கு

1

சித்திரக்கதையை ஆய்வுக்குரிய பொருளாகக் கொள்வதில் இலக்கிய ஆய்வாளர் பலர்க்கு நெடுங்காலம் தயக்கம் இருந்து வந்துள்ளது. சிறுவர் பொழுதுபோக்கு எனச் சிலரும், வணிக நோக்கில் வெளியிடப்படும் நச்சிலக்கியம் எனச் சிலரும் அதனை ஒதுக்கினர். எனினும், ஒரு சமூகத்தின் இளந்தலைமுறையினர் எதனை விரும்பி வாசித்தனர் என்ற வினா அச்சமூகத்தின் அகநிலையை அறிய உதவும் முக்கிய வினாக்களுள் ஒன்றாகும். வெகுசன வாசிப்பை ஏளனத்தோடு புறக்கணிப்பதாலும் பயனில்லை. விமர்சனமின்றிப் போற்றுவதாலும் பயனில்லை. அது எவ்வாறு தோன்றியது, யாருடைய எத்தேவையை நிறைவு செய்தது, அதனை உற்பத்தி செய்தோர் நிலை யாது என்பனவே ஆராயப்பட வேண்டியனவாம்.

இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் பொருள் ஒரு குறுகிய வகையைச் சார்ந்தது. யப்பானியச் சித்திரக்கதைகள் 'மங்கா' எனப்படும். அவற்றின் வரைமுறையையும் நூல் வடிவத்தையும் பின்பற்றி, மொழிபெயர்ப்பாக அன்றித் தொடக்கத்திலிருந்தே ஆங்கிலத்தில் எழுதப்பட்டு வரையப்பட்ட ஆக்கங்கள் இரண்டாயிரமாம் ஆண்டுகளின் முற்பகுதியிலிருந்து ஐக்கிய அமெரிக்காவில் பெருமளவில் வெளிவந்தன. இவற்றை 'மூல ஆங்கில மங்கா' என்பர். இவற்றுள் பேய், பிசாசு, சுடுகாடு, நடைபிணம் ஆகியவற்றைப் பொருளாகக் கொண்டு, ஆனால் வாசகரை அஞ்சச் செய்வதோடு நில்லாது நகைக்கவும் வைக்கும் ஆக்கங்கள் ஒரு தனிக் கிளையாக வளர்ந்தன. வசதி கருதி இக்கிளையை 'அச்சநகை' என ஈண்டுக் குறிப்போம்.

இக்கிளையின் கவர்ச்சிக்குப் பொதுவாக இரண்டு விளக்கங்கள் தரப்படும். ஒன்று, இது வாழ்க்கையிலிருந்து தப்பியோடும் மனப்பான்மையின் வெளிப்பாடு என்பது. மற்றது, இது யப்பானியப் பாணியின் வெறும் போலி என்பது. இவ்விரண்டும் போதுமான விளக்கங்கள் அல்ல. இக்கதைகளில் அச்சத்திற்குரிய பொருள் இடம் மாறுகிறது. பேய் நட்புக்குரியதாகவும், அன்றாட வாழ்வின் ஒழுங்கு அச்சத்திற்குரியதாகவும் ஆகின்றன. இந்த இடமாற்றமே இளம் வாசகரைக் கவர்ந்தது என்பதும், அதனைப் படைத்த இளங்கலைஞர் தாமே வேறோர் அச்சத்திற்கு ஆளாயினர் என்பதும் இக்கட்டுரையில் நிறுவ முயலும் கருத்துக்களாகும்.

2

அச்சநகைக்கு இரண்டு ஊற்றுக்கள் உண்டு. அவற்றை வேறுபிரித்து நோக்குதல் பயன் தரும்.

முதலாவது யப்பானிய மரபு. அந்நாட்டு நாட்டார் வழக்கில் 'யோக்காய்' எனப்படும் விசித்திர உயிர்கள் எண்ணிறந்தன. பழைய குடை, தேய்ந்த செருப்பு, மலைக்கரடி, நீர்நிலை என எதிலும் ஒரு யோக்காய் உறையக்கூடும். 1776இல் தொரியாமா செக்கியென் என்னும் ஓவியர் இவற்றைத் தொகுத்து வரைந்த நூலிலேயே அச்சமும் வேடிக்கையும் ஒருங்கே இடம்பெற்றுள்ளன. இம்மரபை இருபதாம் நூற்றாண்டின் வெகுசன வடிவத்திற்குக் கொண்டுவந்தவர் மிசுக்கி ஷிகெரு (1922–2015) ஆவார். இரண்டாம் உலகப் போரில் யப்பானியப் படையில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டு ரபவுலுக்கு அனுப்பப்பட்ட இவர், அங்கே குண்டுவீச்சில் இடக்கையை இழந்தார். போரின் பின்னர், தெருவில் படத் தாள்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டிக் கதை சொல்லும் 'கமிஷிபாய்' தொழிலுக்குப் படம் வரைந்து பிழைத்தார். 1930களில் அத்தெருக்கதை மரபில் வழங்கிய ஒரு பேய்ச்சிறுவன் கதையை எடுத்து அவர் உருவாக்கிய 'கித்தாரோ' தொடர் 1960களில் நாடெங்கும் புகழ் பெற்றது. கித்தாரோ சுடுகாட்டில் பிறந்தவன். பேயினத்தின் எஞ்சிய சிறுவன். அவன் தந்தை உடல் அழிந்து ஒரு கண்விழியாக மட்டும் எஞ்சி, மகனுக்கு அறிவுரை கூறிக்கொண்டிருக்கிறார். பேராசையே உருவான எலிமனிதன் ஒருவன் இடையிடையே வந்து நகைப்பூட்டுகிறான். போரின் கொடுமையை உடலிலே தாங்கிய ஒரு கலைஞருக்குப் பேய்கள் அச்சந்தரும் பொருள்களாக இருக்கவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. மனிதரே அவற்றினும் அஞ்சத்தக்கோர் என்பது அவருடைய ஆக்கங்களில் மீண்டும் மீண்டும் புலப்படும் உணர்வாகும்.

இரண்டாவது அமெரிக்க மரபு. சார்ல்ஸ் அடம்ஸ் (1912–1988) 1938இலிருந்து 'நியூயோர்க்கர்' இதழில் வரைந்த ஒரு விசித்திரக் குடும்பத்தின் கேலிச்சித்திரங்கள் இம்மரபில் முக்கியமானவை. இருண்ட மாளிகையில் வாழும் அக்குடும்பத்தினர் தம்மளவில் மகிழ்ச்சியும் பாசமும் உடையோர். அவர்களைக் கண்டு திகைக்கும் அயலாரே நகைப்புக்கு இலக்காகின்றனர். 1950களின் தொடக்கத்தில் ஈ.சி. நிறுவனம் வெளியிட்ட திகிற் சித்திரக்கதைகளிலும், கல்லறைக் காவலனாகிய கதைசொல்லி சிலேடை பேசிக்கொண்டே கோரத்தை விவரிப்பான். ஆயின் 1954இல் மனநல மருத்துவர் பிரெட்ரிக் வேர்தாமின் நூலும், செனற் சபையின் துணைக்குழு நடத்திய விசாரணையும் எழுப்பிய பரபரப்பின் விளைவாக, வெளியீட்டாளர் சங்கம் ஓர் ஒழுக்கக் கோவையை இயற்றியது. அது நடைபிணங்களையும் குருதி உண்ணும் பேய்களையும் ஓநாய் மனிதரையும் சித்திரக்கதையிலிருந்து விலக்கியது; தலைப்புகளில் திகிலைக் குறிக்கும் சொற்களையும் தடைசெய்தது. அதே கோவை, அதிகாரத்திலிருப்போரையும் அரச நிறுவனங்களையும் மதிப்புக் குன்றுமாறு காட்டலாகாது என்றும் விதித்தது. பேய்க்கும் அதிகாரத்திற்கும் ஒரே ஏட்டில் விதி வகுக்கப்பட்டமை தற்செயலானதன்று. 1971இல் இத்தடை தளர்த்தப்பட்டதெனினும், இடைப்பட்ட காலத்தில் சித்திரக்கதைத் துறை பெரும்பாலும் வீரசாகச நாயகர்களின் ஆட்சிக்கு உட்பட்டுவிட்டது.

இவ்விரு மரபுகளும் ஒன்றையொன்று அறியாதன அல்ல. யப்பானிய மங்காவின் முன்னோடியான தெசுக்கா ஒசாமு (1928–1989) அமெரிக்கக் கேலிச்சித்திரப் படங்களிலிருந்து தாம் கற்றவற்றை மறைத்தாரல்லர். ஆகவே, பிற்காலத்து அமெரிக்க இளைஞர் மங்கா பாணியில் வரையத் தொடங்கியமையை ஒருவழிப் போலச்செய்தலாகக் கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. கடல்கடந்து சென்ற ஒரு கலை உருமாறித் திரும்பி வந்தது எனக் கொள்வதே பொருந்தும்.

3

இத்திரும்புதலுக்குரிய பொருளாதாரப் பகைப்புலத்தை அடுத்து நோக்க வேண்டும். 1980களிலிருந்து ஐக்கிய அமெரிக்காவில் சித்திரக்கதைகள் பெரும்பாலும் அவற்றுக்கென அமைந்த தனிக்கடைகளிலேயே விற்பனையாயின. அக்கடைகளுக்குச் சென்றோரில் பெரும்பாலார் ஆண்கள். இளம்பெண்களுக்கு அங்கே வாசிக்கத்தக்கவை மிகச் சிலவே. 1997இல் ஸ்டுவர்ட் லெவி தொடங்கிய நிறுவனம், பின்னர் 'டோக்கியோபொப்' எனப் பெயர் பெற்றது. 'செய்லர் மூன்' போன்ற பெண்களுக்குரிய யப்பானியத் தொடர்களை அது மொழிபெயர்த்து வெளியிட்டது. 2002இல் அந்நிறுவனம் சிறிய அளவும் மெல்லட்டையும் கொண்ட நூல்களை, யப்பானிய முறைப்படி வலமிருந்து இடமாக வாசிக்கும் வண்ணமே, ஒன்று ஏறத்தாழ பத்து டொலர் விலையில், பொதுப் புத்தகக் கடைகளில் விற்பனைக்கு வைத்தது. இதனாற் சித்திரக்கதை புதிய வாசகர் கூட்டமொன்றைப் பெற்றது. அவ்வாசகருள் பெண்பிள்ளைகள் பெருந்தொகையினர்.

வாசகர் விரைவில் வரைவோராக மாற விரும்பினர். அதே 2002இல் டோக்கியோபொப் இளங்கலைஞர்க்கான போட்டியொன்றை அறிவித்து, தெரிவு செய்யப்பட்ட ஆக்கங்களைத் தொகுத்து வெளியிடலாயிற்று. 2004இல் தொடங்கப்பட்ட 'செவன் சீஸ்' நிறுவனமும் ஆங்கிலத்திலேயே படைக்கப்படும் மங்காவை முதன்மைப்படுத்தியது. இவ்வாறு 2004க்கும் 2008க்கும் இடையில், முன்னர் ஒரு நூலும் வெளியிட்டிராத பலர், அவருள்ளும் பெண்கள் பலர், நீண்ட தொடர்களின் ஆசிரியராயினர். அச்சநகைக் கதைகள் இக்காலத்தின் விளைபொருள்களேயாம்.

4

இக்கதைகளின் இயல்பை விளக்குவதற்கு நமது இலக்கணமரபு தரும் கருவியொன்றை இங்குப் பயன்படுத்தலாம். தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையையும் அச்சத்தையும் தனித்தனியே வைத்து, ஒவ்வொன்றும் தோன்றும் நிலைக்களன்களை நான்கு நான்காக வகுத்துள்ளார். நகை தோன்றும் இடங்களுள் இளமையும் ஒன்று. அச்சம் தோன்றும் இடங்களாக அவர் குறிப்பன தெய்வமும் பேயும் அடங்கிய அணங்கு, கொடிய விலங்கு, கள்வர் ஆகியனவும், நான்காவதாகத் தம்மை ஆளும் இறையும் ஆகும். உரைமரபு இந்த இறையை அரசரோடு நிறுத்தாமல் தந்தை, ஆசிரியர் ஆகியோரையும் உள்ளடக்கி விளக்கும். பேயையும் தலைவனையும் ஒரே வரிசையில் வைத்த இப்பகுப்பு நுட்பமானது. அச்சநகைக் கதைகளில் நிகழ்வது யாதெனில், முதலாவது நிலைக்களனாகிய அணங்கு நகைக்குரியதாக மாற, நான்காவது நிலைக்களனாகிய இறை அச்சத்தின் முழு இடத்தையும் பெறுவதாகும்.

பேயைக் கொண்டு நகைப்பூட்டும் முறை தமிழ் வாசகர்க்குப் புதியதன்று. கலிங்கத்துப் பரணியிற் பேய்கள் களத்திலே கூழ் சமைக்கும் பகுதி கோரமும் நகையும் விரவியது. ஆயின் ஆங்குப் பேய்களின் நகை வென்ற மன்னனின் புகழுக்குத் துணைசெய்வது. ஈண்டு நாம் காணும் நகை, ஆளப்படுவோர் பக்கம் நின்று எழுவது. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டு சில ஆக்கங்களை நோக்குவோம்.

எரிக் வைட் 2007இல் வெளியிட்ட 'மை டெட் கேர்ள்பிரெண்ட்' (இறந்துபோன என் காதலி) என்ற நூலின் நாயகன் பின்னி பிளீக் சாதாரண மனிதச் சிறுவன். அவனுடைய முன்னோர் யாவரும் ஏதோவொரு நகைப்புக்கிடமான விபத்தில் மாண்டவர்கள். மாண்ட பின்னரும் வீட்டை விட்டு நீங்காதவர்கள். அவன் கற்கும் பாடசாலையில் ஏனைய மாணவர் பேய்களும் அரக்கரும் சூனியக்காரிகளுமாவர். அங்கே பேயாக இருப்பதே இயல்பு. மனிதனாக இருப்பது குறைபாடு. பெரும்பான்மையினர் எதனை இயல்பு என்கின்றனரோ அதுவே இயல்பாகிவிடும் என்ற உண்மையை, விரிவுரை எதுவுமின்றி, ஒரு கேலியின் மூலம் இந்நூல் உணர்த்துகிறது. நாயகன் விரும்பிய பெண் இறந்து ஆவியாகி அதே பாடசாலைக்கு வந்து சேர்கிறாள். இறப்பு இங்கே பிரிவாக அன்றி, மாணவர் குழுக்களுக்கிடையேயான மற்றொரு வேற்றுமையாகவே நடத்தப்படுகிறது.

எம். அலிஸ் லெகுரோவின் 'பிசன்காஸ்ட்' 2005இல் தொடங்கி எட்டுத் தொகுதிகளாக 2012இல் நிறைவுற்றது. இதன் தொனி பெரிதும் சோகமானது. பெற்றோரை விபத்தில் இழந்த டைனா என்னும் சிறுமி, நியூ இங்கிலாந்துப் பகுதியின் தேய்ந்துபோன சிற்றூரொன்றில் தன் பெரியம்மையின் வீட்டில் வாழ்கிறாள். அவள் ஆவிகளைக் காண்கிறாள். வீட்டாரும் மருத்துவரும் அதனை மனநோய் என்கின்றனர். வின்சன்ற் என்ற தோழனுடன் அவள் காட்டினுள் கண்ட ஒரு கல்லறை மண்டபத்திற்கு இரவுதோறும் சென்று, அமைதியற்ற ஆவிகளை விடுவிக்கும் கடப்பாட்டிற்கு உள்ளாகிறாள். அம்மண்டபத்தின் காவலருள் ஒருவனாகிய எடானியல் பூனையை ஒத்த உருவினன். ஓயாது பரிகாசம் பேசுபவன். அவன் வரும் பக்கங்களிற் கதையின் இறுக்கம் தளர்கிறது. கவனிக்கத்தக்கது யாதெனில், கல்லறையிலே டைனா நகைப்பையும் தோழமையையும் காண்கிறாள். வீட்டிலோ அவளுக்கு வாய்ப்பன பூட்டிய கதவும் மருந்துமே. பேய் அவளை நம்புகிறது, மனிதர் நம்பவில்லை. வளரிளம் பருவத்தினர் பலர்க்குத் தம் அனுபவம் பெரியோரால் நம்பப்படாமையே முதற்பெரும் துன்பமாக அமைகிறது என்பதை நினைவிற் கொண்டால், இக்கதையின் கவர்ச்சி எளிதில் விளங்கும்.

ரஷ்யாவிற் பிறந்து பதினாறாம் வயதிற் கனடாவிற் குடியேறிய ஸ்வெட்லானா ஷ்மாக்கோவாவின் 'நைட்ஸ்கூல்' (இரவுப் பள்ளி) 'யென் பிரஸ்' நிறுவனத்தால் 2009, 2010 ஆகிய ஆண்டுகளில் நான்கு தொகுதிகளாக வெளியிடப்பட்டது. பகலில் மனிதப் பிள்ளைகள் கற்ற கட்டடத்திலேயே இரவில் சூனியக்காரரும் குருதி உண்போரும் உருமாறிகளும் பாடம் கற்கின்றனர். வரவுப் பதிவு, வகுப்பறைக் குறும்பு, ஆசிரியரின் சலிப்பு என்பன யாவும் அங்கும் உண்டு. நகை இவற்றாற் பிறக்கிறது. கதையின் அச்சமோ வேறு வகையினது. இரவுப் பள்ளியின் பொறுப்பாளராகிய சேரா ஒருநாள் மறைந்து போகிறாள். மறைந்தது மட்டுமன்றி, அவள் இருந்தாள் என்ற நினைவே எல்லோர் மனத்திலிருந்தும் அழிந்துவிடுகிறது. தங்கை அலெக்ஸ் ஒருத்தியே அவளை நினைவிற் கொண்டு தேடுகிறாள். எந்தக் கோரமான உருவத்தினும் ஒருவர் நினைவிலிருந்து துடைக்கப்படுதல் அஞ்சத்தக்கது என்ற உணர்வை இந்நூல் எழுப்புகிறது. நாடுவிட்டு நாடு சென்று வளர்ந்த ஓர் ஆசிரியர் இதனைப் பொருளாகக் கொண்டமை பொருத்தமானதே.

5

இவ்வுள்ளடக்கத்திற்கு மங்காவின் உருவம் எவ்வகையில் துணைசெய்தது என்பதும் ஆராயத்தக்கது. உருவத்தை உள்ளடக்கத்தினின்றும் பிரித்து வெறும் அணியாகக் கருதுதல் தவறாகும்.

அச்சமும் நகையும் ஒரே உளவியல் இயக்கத்தைச் சார்ந்தன. இரண்டிலும் எதிர்பார்ப்பு மெல்ல வளர்க்கப்பட்டு எதிர்பாராத வகையில் முறிக்கப்படுகிறது. முறிவின் பின் ஆபத்து எஞ்சினால் அச்சம், எஞ்சாவிட்டால் நகை. இருண்ட மாடிப்படியில் ஓசை எழுகிறது, சிறுமி விளக்கை ஏந்தி ஏறுகிறாள், கதவு திறக்கிறது. பக்கத்தைப் புரட்டுமுன் வாசகருக்கு எது காத்திருக்கிறது என்பது தெரியாது. மங்கா இத்தகைய தாமதத்திற்கு இடந்தரும் வடிவம். நூல் நீளமானது ஆகையால், ஒரு கணத்தைப் பல கட்டங்களாகப் பிரித்து, உரையாடல் இன்றி, ஒரு கைப்பிடியையோ கண்ணையோ மட்டும் காட்டி நகர்த்த முடிகிறது. குறைந்த பக்கங்களில் முழுச் சம்பவத்தையும் முடிக்க வேண்டியிருந்த அமெரிக்க மாத இதழ்களில் இவ்வகை நிதானத்திற்கு வாய்ப்பு அரிது.

இன்னொன்று, யப்பானியர் 'சிபி' என்று வழங்கும் உத்தி. உணர்ச்சி மிகும்போது பாத்திரத்தின் உடல் திடீரெனச் சுருங்கித் தலை பெருத்து, குழந்தைப் பொம்மை போலாகிவிடும். அடுத்த கட்டத்தில் அதே பாத்திரம் பழைய உருவத்துடன் நிற்கும். இம்மாற்றத்தை வாசகர் வினவாது ஏற்கின்றனர். ஆகவே அச்சத்திலிருந்து நகைக்கும், நகையிலிருந்து அச்சத்திற்கும் ஒரே பக்கத்தில் மும்முறை மாறுதல் இயலுவதாயிற்று. நாடகத்திலோ நாவலிலோ இத்தனை விரைவான மாற்றம் செயற்கையாகத் தோன்றும்.

கறுப்பு வெள்ளை அச்சு மூன்றாவது கூறாகும். செலவைக் குறைக்கும் பொருட்டு மேற்கொள்ளப்பட்ட இம்முறை பேய்க்கதைக்கு உதவியாயிற்று. பக்கத்தின் பெரும்பகுதியைக் கருமையால் நிரப்பி, ஒரு முகத்தை மட்டும் வெண்மையாக விடுவதன் மூலம் இரவையும் தனிமையையும் எளிதிற் காட்டலாம். மொழிபெயர்ப்பு மங்கா வலமிருந்து இடமாகச் செல்ல, ஆங்கிலத்திலேயே படைக்கப்பட்ட இவை இடமிருந்து வலமாகவே அமைந்தன. யப்பானிய வடிவத்தை இக்கலைஞர் அப்படியே பெயர்த்து வைக்கவில்லை. தம் மொழியின் வாசிப்பு முறைக்கு இயைய அதனை மாற்றியமைத்தனர் என்பதற்கு இதுவும் ஒரு சான்றாகும்.

6

அச்சநகை யாவும் முற்போக்கானவை என்ற முடிவுக்கு நாம் விரைந்து வருதல் கூடாது. கீத் கிஃபென் (1952–2023) எழுதிப் பெஞ்சமின் ரோமன் வரைந்த 'ஐ லவ் ஹலோவீன்' 2005க்கும் 2007க்கும் இடையில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. ஒக்டோபர் 31ஆம் திகதி இரவு பிள்ளைகள் பேய்வேடமணிந்து வீடுவீடாக இனிப்புக் கேட்டுச் செல்லும் அமெரிக்க வழக்கமே இதன் களம். முதல் வீட்டில் இனிப்புக்குப் பதிலாக ஆப்பிள் கிடைத்ததைத் தீநிமித்தமாகக் கொண்ட சிறுவர் குழு, அதற்குப் பழிவாங்கப் புறப்படுகிறது. இரண்டாம் தொகுதியில் நடைபிணங்கள் ஊரைச் சூழ்ந்த போதும் இப்பிள்ளைகளின் கவலை இனிப்பைப் பற்றியதே.

இந்நூலின் நகை கடுமையானது. பெரியோர் உலகின் மூடத்தனத்தை அது நன்கு தாக்குகிறது என்பதும், நுகர்வையே வாழ்வாகக் கொண்ட சமூகத்தில் வளரும் பிள்ளை ஊரே அழியும் வேளையிலும் தன் பங்கையே எண்ணும் என்ற அங்கதம் அதில் உறைந்துள்ளது என்பதும் உண்மை. ஆயினும் அங்கதம் யாரைத் தாக்குகிறது என்பது பல பக்கங்களில் தெளிவாக இல்லை. கொடுமை ஒரு கருத்தைச் சுட்டுவதற்காக அன்றிக் கொடுமையின் சுவைக்காகவே அடுக்கப்படுகிறது. மேலே நோக்கிய மூன்று நூல்களிலும் நகை, ஒதுக்கப்பட்டோரிடத்து நம்மைக் கொண்டு சேர்த்தது. இங்கே அது எல்லோரிடமிருந்தும் நம்மை விலக்குகிறது. அச்சத்தை வெல்லும் நகை ஒன்று. துன்பத்தை உணராதிருக்கப் பழக்கும் நகை வேறொன்று. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிதல் விமர்சகரின் கடமையாகும்.

மற்றொரு குறைபாடும் உண்டு. இக்கதைகளில் ஒதுக்கப்பட்டவன் தன்னைப் போன்ற ஒருவரைக் கண்டு ஆறுதல் பெறுகிறான். ஆனால் ஒதுக்கும் ஒழுங்கு பெரும்பாலும் அவ்வாறே எஞ்சுகிறது. தீர்வு தனிமனித நட்பளவில் நின்றுவிடுகிறது. 'நைட்ஸ்கூல்' ஓரளவு இதற்கு விலக்கு. அதிலே மாணவரும் ஆசிரியரும், ஒருவரையொருவர் பகைத்த குழுக்களும், இறுதியிற் கூட்டாகவே ஆபத்தை எதிர்கொள்ள வேண்டியோராகின்றனர்.

7

இனி, இவ்வாக்கங்களைப் படைத்தோர் நிலையை நோக்குவோம். ஒரு தொகுதி ஏறத்தாழ 160 பக்கங்களுக்கு மேற்பட்டது. யப்பானில் வெற்றிபெற்ற மங்கா ஆசிரியருக்கு உதவியாளர் பலர் உண்டு. ஆங்கில மங்காவை வரைந்த இளைஞரோ பெரும்பாலும் தனித்தோ, இருவராகவோ எழுதி, வரைந்து, மையிட்டு முடித்தனர். டோக்கியோபொப் நிறுவனத்தின் ஒப்பந்தங்களின்படி, இத்தகைய ஆக்கங்களின் பதிப்புரிமை ஆசிரியருக்கும் நிறுவனத்திற்கும் பொதுவாயிற்று. முதல் நூல் வெளிவருகிறது என்ற மகிழ்ச்சியில் கையொப்பமிட்டோர் பலருக்கு இதன் பொருள் பின்னரே விளங்கியது. நிறுவனம் தொடரை நிறுத்தினால், ஆசிரியர் தம் கதையை வேறிடத்தில் தொடர்வதற்குத் தாமாக முடிவெடுக்க இயலாது.

2008 மே மாதத்தில் அந்நிறுவனம் புதியவர்க்கென அறிவித்த மாதிரி ஆக்கத் திட்டத்தின் ஒப்பந்தம் சித்திரக்கதைக் கலைஞரிடையே பெருங்கண்டனத்தை எழுப்பிற்று. படைப்பாளியின் ஒழுக்க உரிமைகளை, அதாவது ஆசிரியர் எனப் பெயர் குறிக்கப்படுவதற்கும் ஆக்கம் சிதைக்கப்படாதிருப்பதற்கும் உள்ள உரிமைகளை, கைவிடுமாறு அது கோரியமையே காரணம். இவ்வுரிமைகள் பேர்ண் உடன்படிக்கையில் 1928இல் இடம்பெற்றவை. ஐக்கிய அமெரிக்கா 1989இல் அவ்வுடன்படிக்கையில் இணைந்ததெனினும், தன் சட்டத்தில் அவற்றுக்கு மிகக் குறுகிய இடமே அளித்தது. 1990இல் இயற்றப்பட்ட சட்டம் ஓவியம், சிற்பம் போன்ற சிலவற்றை மட்டும் காத்து, அச்சிடப்படும் நூல்களை விட்டுவிட்டது. யப்பானின் 1970ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமோ இவ்வுரிமைகள் பிறருக்கு மாற்றப்பட முடியாதன என்கிறது. நடைமுறையில் அவற்றைச் செலுத்தாதிருக்க உடன்படுமாறு ஆசிரியரைக் கேட்கும் வழக்கம் அங்கும் உண்டு. எனினும், யப்பானியக் கலைவடிவத்தை இறக்குமதி செய்தோர் அக்கலைஞர்க்குச் சட்டம் அளித்த பாதுகாப்பை இறக்குமதி செய்யவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

2008 யூன் மாதத்தில் டோக்கியோபொப் ஊழியர் பலரை நீக்கி, வெளியீடுகளையும் குறைத்தது. ஆங்கிலத் தொடர்கள் பல இடையில் நின்றன. 2011 பெப்ரவரியில், மங்கா விற்பனையில் முக்கிய இடம்பெற்ற 'போடர்ஸ்' புத்தகக் கடை நிறுவனம் வங்குரோத்து நிலையை அறிவித்தது. அதே ஆண்டு மே 31ஆம் திகதியுடன் டோக்கியோபொப் தன் வட அமெரிக்க வெளியீட்டுப் பணியை நிறுத்தியது. சில ஆண்டுகளின் பின் அந்நிறுவனம் மீண்டும் நூல் வெளியிடத் தொடங்கியது. ஆயின் இடையிலே சிக்கிய கதைகள் பல முடிவுறாமலே போயின. இறந்தும் விடுதலை பெறாத ஆவிகளைப் பற்றி எழுதியவர்களின் ஆக்கங்கள் தாமே அந்நிலையை அடைந்தமை வருந்தத்தக்க முரணாகும். தொல்காப்பியர் கூறிய நான்காவது நிலைக்களன், கதையின் புறத்தேயும் இவர்களுக்குக் காத்திருந்தது.

ஆயினும் இக்கிளை பட்டுப்போகவில்லை. 'பிசன்காஸ்ட்' தொடரின் இறுதித் தொகுதி, நிறுவனம் பணியை நிறுத்திய பின்னரும், 2012இல் வாசகரை அடைந்தது. ஷ்மாக்கோவா தாம் படைத்த சூனியக்காரச் சிறுவர் உலகிற்கு 2020இல் இன்னுமொரு நூலுடன் திரும்பினார். அச்சநகையில் வளர்ந்த வாசகர், பாடசாலை நூலகங்களில் இடம்பெறும் இளையோர் சித்திரக்கதைகளின் பெருக்கத்திற்கு வழிவகுத்தோருள் அடங்குவர்.

8

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, ஆங்கில மொழி மங்காவின் பேய்க்கதைகள் வாசகரைக் கவர்ந்தமைக்கு அவற்றின் விசித்திரமே காரணம் என்பது பொருந்தாது. பேய் யாரால் ஒதுக்கப்பட்டதோ அவராலேயே தாமும் ஒதுக்கப்பட்டதாக உணர்ந்த இளையோர், அதனிடம் தம்மைக் கண்டனர். நகை அவர்களுக்கு அச்சத்தை மறக்கும் வழியாக மட்டும் அமையவில்லை. எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்று வேறுபடுத்தி அறியும் வழியாகவும் அமைந்தது. இவ்வாக்கங்களுள் சிறந்தவற்றின் பெறுமதி இதுவே.

அப்பெறுமதியை உற்பத்தி செய்த இளங்கலைஞர், தம் உழைப்பின் மீதும் தம் பாத்திரங்களின் மீதும் உரிமை அற்றோராக நேர்ந்தமையும் இவ்வரலாற்றின் பிரிக்கவியலாத பகுதியாகும். வெகுசனக் கலையை ஆராய்வோர் நூலின் பக்கங்களோடு நின்றுவிடாது, அதன் பின்னுள்ள ஒப்பந்தத்தின் பக்கங்களையும் வாசித்தல் வேண்டும். ஒரு கலைவடிவம் நாடுவிட்டு நாடு செல்லும்போது, அதனைப் படைப்போரின் உரிமைகளும் உடன் செல்கின்றனவா என்ற வினா மங்காவிற்கு மட்டும் உரியதன்று. பிறமொழி வடிவங்களை ஏற்றுத் தம் மொழியில் வளர்க்க முனையும் இளம் படைப்பாளரும், அவர்க்குக் களம் அமைக்க முன்வரும் வெளியீட்டாளரும் தொடக்கத்திலேயே இவ்வினாவுக்கு விடை கண்டுகொள்வது நன்று.